முதலில் இறங்கியவன்

சங்கரன்கோவில்
18.11.2024

அன்புள்ள ஜெஸ்லின் அக்காவுக்கு,

தம்பி பிரவின்ராஜ் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். மழைக்கு அப்பாவின் முழங்கால் வலி மட்டும் கூடியிருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். உன் நர்சிங் ஹாஸ்டலில் போனை வாங்கிப் பூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் மட்டும் தருகிறார்கள். அந்தப் பத்து நிமிடம் அம்மாவுக்கே போதவில்லை. அதனால் நீ சொன்னபடி கடிதமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் குருவிகுளத்தில் என்கூடப் படிக்கும் லிங்கேஷ் வீட்டுக்குப் போய்விட்டு மினிபஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். நல்ல மழை. வழியில் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது. டிரைவர் இசக்கிப்பாண்டி, "இது நமக்குப் பழகுன ஓடதான்" என்று சொல்லி வண்டியை இறக்கிவிட்டார். நடுவில் போய் நின்றுவிட்டது. தண்ணீர் கூடக்கூட பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே பத்தொன்பது பேர். அதில் ஐந்து பேர் சின்னப் பிள்ளைகள். கரையில் நின்றவர்கள் லாரிக் கயிற்றை வேப்பமரத்தில் கட்டி வீசினார்கள். அதைப் பிடித்து எல்லோரும் கரைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இத்துடன் வைத்திருப்பது மறுநாள் பேப்பரில் வந்த செய்தி. படத்தில் பிள்ளையைத் தூக்கி வருவது நான்தான். நான் ஏழு பேரைத் தூக்கி வந்தேன் என்று அவர்களாகப் போட்டிருக்கிறார்கள். அப்பா இருபது பேப்பர் வாங்கினார்.

நமக்குப் பின் தெருவில் தறி ஓட்டும் மன்சூர் பாயின் மகள் அப்ரீன் பானுவும் அந்த பஸ்ஸில் இருந்தாள். அவளும் என்னைப் போல பிளஸ் டூதான். அவளுக்குக் கையில் அடி. திருநெல்வேலியில் சேர்த்திருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தம்பி,
பிரவின்

மதுரை
24.11.2024

என் தங்கத் தம்பிக்கு,

அக்காவின் அன்பு முத்தங்கள். நான் நலம். இந்த மாதம் பிரசவ வார்டில் டியூட்டி. கால் வீங்கிவிடுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அப்பா முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

பிரவின், உன் கடிதத்தைப் படித்து அறையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஹாஸ்டல் முழுக்கக் காட்டினேன். வார்டன் மேடம் அந்தப் படத்தை வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். ஜூனியர் பிள்ளைகள் என்னைப் பார்த்தால், "அந்தப் பையனோட அக்கா" என்கிறார்கள். முதலுதவி வகுப்பில் டீச்சர் உன்னை உதாரணமாகச் சொன்னார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்கு நீச்சல் தெரியாதே. குற்றாலத்தில் அருவிக்குக் கீழே வர மாட்டேன் என்று அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பாயே. அந்தத் தண்ணீரில் ஏழு தடவை எப்படிப் போய் வந்தாய்? பிள்ளைகளை முதுகில் போட்டாயா, தோளிலா? கயிற்றை பஸ்ஸில் யார் கட்டியது? நீ சுருக்கமாக முடித்துவிட்டாய். ஒவ்வொன்றாக எழுது, படித்துக் காட்ட வேண்டும்.

அப்ரீனுக்கு எந்தக் கையில் அடி? எலும்பு முறிவா? கண்டிப்பாக எழுது. கிறிஸ்துமஸுக்கு எனக்கு லீவு இல்லை. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன்னால் பெருமைப்படும்,
ஜெஸ்லின்

சங்கரன்கோவில்
9.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கால் வீக்கம் வற்றிவிட்டதா? தாமதமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நான்கு நாளாகக் காய்ச்சல். டாக்டர் மழையில் நனைந்தது என்கிறார். நனைந்து மூன்று வாரம் ஆகிறது.

போன ஞாயிறு சபையில் ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டுச் சால்வை போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா பேப்பர் படத்தைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, நம் பெயிண்ட் கடையில் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். டப்பா வாங்க வருகிறவர்களிடம் எல்லாம், "நம்ம மவன்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் கலர் கேட்கிறார். அப்பா இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. ஹெட்மாஸ்டர் என் பெயரை மாவட்டத்துக்கு அனுப்பியிருக்கிறார். குடியரசு தினத்தன்று தென்காசியில் கலெக்டர் கையால் சான்றிதழ் கிடைக்கலாம் என்கிறார்கள்.

நீ கேட்டதையெல்லாம் விவரமாக எழுத எனக்குச் சரியாக நினைவில்லை. எல்லாம் வேகமாக நடந்துவிட்டது. நோட்டீஸ் போர்டில் ஒட்டியதை எடுத்துவிடச் சொல்ல முடியுமா? கூச்சமாக இருக்கிறது.

அப்ரீனுக்கு வலது மணிக்கட்டு. பிளேட் வைத்திருக்கிறார்களாம்.

அரையாண்டுத் தேர்வு வருகிறது. படிக்க வேண்டும்.

அன்புடன்,
பிரவின்

மதுரை
15.12.2024

அன்புள்ள பிரவினுக்கு,

காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். கஞ்சி குடி. நான் சுகமாக இருக்கிறேன்.

இன்று அம்மாவோடு பேசினேன். பேச்சுவாக்கில், அப்ரீனின் உம்மா ரசீதா அக்கா ஐந்தாம் தேதி நம் வீட்டுக்கு வந்ததைச் சொன்னாள். பேச்சை உடனே மாற்றிவிட்டாள். நான் விடாமல் கேட்டேன். பிள்ளைகளைத் தூக்கி வந்தது என் மகள்தான் என்று ரசீதா அக்கா சொன்னார்களாம். அப்பா சமாதானம் சொல்லி அனுப்பினாராம். நீ அப்போது வீட்டில்தான் இருந்தாயாம்.

ஒன்பதாம் தேதி எழுதிய கடிதத்தில் சால்வையைப் பற்றி எழுதினாய், பிரேமைப் பற்றி எழுதினாய். இதை எழுதவில்லை.

எனக்குப் படித்துக் காட்ட ஒன்றும் வேண்டாம். எனக்காக மட்டும் எழுது. அந்தப் பிள்ளைகளைத் தூக்கி வந்தது யார்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

சங்கரன்கோவில்
27.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். எல்லோரும் நலம், உன் நலம் அறிய விரும்புகிறோம். அம்மா முறுக்கு பார்சல் அனுப்பியிருக்கிறாள், வந்ததா?

நீ கேட்டதற்கு. அந்த நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அப்ரீனும் உதவி செய்தாள்தான். நான் யாரிடமும் ஏழு பேர் என்று சொல்லவில்லை. பொய் எதுவும் நான் சொல்லவில்லை.

புத்தாண்டு வாழ்த்துகளுடன்,
பிரவின்ராஜ்

சங்கரன்கோவில்
6.1.2025

மரியாதைக்குரிய ஜெஸ்லின் அக்காவுக்கு,

உங்கள் மீது இறைவனின் சாந்தி உண்டாகட்டும். நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. வாப்பா, உம்மா, நான் எல்லோரும் நலமாக இருக்கிறோம். உங்கள் படிப்பும் உடம்பும் நலமாக இருக்க துவா செய்கிறோம். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும்.

கையைப் பற்றி விசாரித்திருந்தீர்கள். பிளேட்டும் ஆறு ஸ்குருவும் வைத்திருக்கிறார்கள். கட்டுப் பிரித்தாயிற்று. நடு விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. பேனா நிற்கவில்லை. பொதுத்தேர்வுக்கு ஆள் வைத்து எழுத டீச்சர் மனு கொடுத்திருக்கிறார்கள். விரல் எப்போது மடங்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். இங்கே யாரைக் கேட்டாலும் பொறுமையாக இரு என்கிறார்கள்.

அன்றைக்கு நடந்ததைக் கேட்டிருந்தீர்கள். பஸ் சாய்ந்ததும் கயிற்றை எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். அப்போது பஸ் இன்னும் சாய்ந்து, கதவுக்கும் கம்பிக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டது. இழுத்துக்கொண்டு கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டினேன். பிள்ளைகளைக் கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லி முதுகில் போட்டு, இடது கையால் கயிற்றைப் பிடித்துக் கொண்டுவந்தேன். ஐந்து பிள்ளைகள், இரண்டு பாட்டிமார். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்து அவர்களே வந்தார்கள். தண்ணீர் என் இடுப்புக்கு இருந்தது. வலி அப்போது தெரியவில்லை. கரையில் உட்கார்ந்த பிறகுதான் கை வேறு பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்து மயங்கிவிட்டேன். என்னை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். பேப்பர்காரர்கள் வந்ததெல்லாம் எனக்குத் தெரியாது.

உங்கள் தம்பி முதலில் இறங்கினார். பயம் எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. அதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. சான்றிதழும் எனக்கு வேண்டாம். ஆனால் ரேஷன் கடை வரிசையில் உம்மாவைப் பார்த்து, "பிள்ளைக்குப் பரிசு கெடைக்கலன்னு பொய் சொல்லிட்டுத் திரியுதாவ" என்று பேசினார்கள். அன்றிலிருந்து உம்மா ரேஷனுக்குப் போகவில்லை. வாப்பா தறியை நிறுத்திவிட்டுப் போகிறார்.

இதை நீங்கள் கேட்டதால் எழுதினேன். வீட்டில் சண்டை ஏதும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
மன்சூர் அலி மகள் அப்ரீன் பானு

மதுரை
12.1.2025

பிரவினுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். முறுக்கு வந்தது. இங்கே எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன்.

நான் அப்ரீனுக்கு எழுதினேன். பதில் வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்லப் போவதில்லை. நீ எழுது. நீ எழுதும்வரை நான் எழுத மாட்டேன்.

அக்கா

சங்கரன்கோவில்
20.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது. இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

நான் படியில் நின்றிருந்தேன். பஸ் சாய்ந்ததும் குதித்தேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. கரையிலிருந்து வீசிய கயிறு முதலில் என் கைக்குத்தான் வந்தது. அதை பஸ்ஸில் கட்ட வேண்டும் என்பதற்காகத்தான் வீசினார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டேன். பின்னால் அப்ரீன் கத்தினாள். "ஏய், கயித்த இங்கன குடு, கெட்டணும்." எனக்குக் கேட்டது அக்கா. கேட்கவில்லை என்று இரண்டு மாதமாக எனக்கே சொல்லி வந்தேன். நன்றாகக் கேட்டது.

கரையில் நின்றவர்கள் கயிற்றை மறுபடி சுருட்டி வீச வேண்டியிருந்தது. அதற்குள் பஸ் இன்னும் சாய்ந்தது. அந்த இரண்டாவது கயிற்றைப் பிடிக்க எட்டியபோதுதான் அவள் கை நசுங்கியது. இதை அவள் உனக்கு எழுதினாளா என்று தெரியவில்லை. எழுதியிருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது.

பிறகு நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பிள்ளையாக அவள் கொண்டுவந்தாள். கடைசிப் பிள்ளையோடு வரும்போது கரைக்குப் பத்தடி இருக்கையில் அவள் தள்ளாடினாள். என்னைப் பார்த்தாள். "இதையாவது பிடி" என்றாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி வாங்கிக்கொண்டேன். அப்போது யாரோ படம் எடுத்தார்கள். அதுதான் உனக்கு அனுப்பியது.

நிருபர், "எத்தன பேரத் தூக்குனீங்க தம்பி?" என்று கேட்டார். "எல்லாரும் சேந்துதான்" என்றேன். அவர் சுற்றி நின்றவர்களிடம் கேட்டார். ஏழு பேரைத் தூக்கி வந்தார்கள் என்று யாரோ சொன்னார்கள். தூக்கியது யார் என்று சொல்லவில்லை. அவர் என் படத்துக்குக் கீழே எழுதிவிட்டார். காலையில் அதைப் படித்ததும் போய்த் திருத்தச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அப்பா இருபது பேப்பரோடு வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். அப்பாவின் மேல் பழி போடுகிறேன் என்று நினைக்காதே. எனக்கும் பிடித்திருந்தது.

ரசீதா அக்கா வந்த நாளையும் எழுதிவிடுகிறேன். நான் உள் அறையில் இருந்தேன். அவர்கள் வாசலில் நின்றே பேசினார்கள். "தம்பிய ஒரு வார்த்த கூப்பிடுங்க அண்ணாச்சி. அவன் பாத்திருக்கான். பரிசெல்லாம் அவனே வச்சிக்கிடட்டும். எம்புள்ளயப் பொய்க்காரிங்காவ. அவ பொய் சொல்லலன்னு மட்டும் சொன்னாப் போதும்." அப்பா திரும்பி அறைக்குள் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வர மாட்டேன் என்று. அப்பா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவன் டியூசன் போயிருக்காம்மா" என்றார். அந்தப் பார்வையில் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதன் பிறகும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பிரேம் கடையில் இருக்கிறது.

காய்ச்சல் அன்றைக்குத்தான் வந்தது.

இதற்கு மேல் எழுத முடியவில்லை. நீ எனக்கு எழுதாமல் இருந்தாலும் நியாயம்தான்.

பிரவின்

மதுரை
24.1.2025

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ சாப்பிடுவதில்லை என்று அம்மா சொன்னாள். சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம்தான் வந்தது. கயிற்றைப் பற்றி அப்ரீன் ஒரு வார்த்தை எழுதவில்லை. நீ எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

பிறகு என் மேலேயே வெட்கம் வந்தது. உனக்கு நீச்சல் தெரியாது என்று நவம்பரிலேயே எனக்குத் தோன்றியது. கேட்கவும் செய்தேன். உன்னிடமிருந்து பதில் வராதபோதும் மூன்று வாரம் அந்தப் படத்துக்குக் கீழே நின்று எல்லோரிடமும் பேசினேன். அந்தப் பையனோட அக்கா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன்.

நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நின்று சொல்லிவிட்டேன். படத்தில் இருப்பது என் தம்பி, தூக்கி வந்தது அவன் இல்லை, அப்ரீன் பானு என்ற பிள்ளை என்று. ஒரு ஜூனியர், "அப்ப ஏன்க்கா ஒட்ட விட்டீங்க?" என்று கேட்டாள்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. அப்ரீனின் விரலைப் பற்றி இங்கே எலும்பு டாக்டரிடம் கேட்டு, செய்ய வேண்டிய பயிற்சியைப் படம் வரைந்து அவளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

எப்போதும் உன்,
ஜெஸ்லின் அக்கா

சங்கரன்கோவில்
3.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். உன் கடிதம் இருபத்தெட்டாம் தேதிதான் வந்தது. அதற்கு முன்பே சில காரியங்கள் நடந்துவிட்டன.

இருபத்து நாலாம் தேதி அப்பாவிடம் கடையிலேயே சொன்னேன். அப்பா பிரஷ்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "இருவத்தாறு முடியட்டும்ல. பெறகு மெதுவாச் சொல்லிக்கிடலாம்" என்றார். மாட்டேன் என்றேன். "நான் இந்தக் கடையில ஒக்காந்துதான் பொழைக்கணும் பிரவினு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அப்ரீன் வீட்டுக்குப் போனேன். மன்சூர் பாய் தறியை நிறுத்திவிட்டு வந்து கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "ஏட்டி அப்ரீனு" என்று கூப்பிட்டார். அவள் ரப்பர் பந்தைக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டே வந்தாள். பந்து அமுங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்கள்ட்டப் போய்ச் சொல்லு" என்றாள். உள்ளே போய்விட்டாள். மன்சூர் பாய் கதவைச் சாத்தினார். தறிச் சத்தம் மறுபடி கேட்டது.

அங்கிருந்து ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். லிஸ்ட் அச்சாகிவிட்டது, பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பெயர் வரும், ஒருநாள் கூத்து, போய் வாங்கிவிட்டு வந்துவிடு என்றார். எனக்குத் தகுதி இல்லை, தூக்கியது அப்ரீன் பானு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா புதுச் சட்டை எடுத்து வைத்து, தென்காசிக்கு வாடகைக் கார் சொல்லியிருந்தார். நான் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்து சபைக்குப் போனேன். ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் நானும் எழுந்து நின்றேன். முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "போன மாசம் இங்கன எனக்குச் சால்வ போட்டீங்க. அது எனக்குச் சேர வேண்டியதில்ல. நான் ஒருத்தரயும் தூக்கல. மொத ஆளா எறங்கி ஓடிவந்தேன்" என்று தொடங்கினேன். முழுவதும் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நடுவில் திரும்பியபோது அப்பா வாசலில் நிற்பது தெரிந்தது. நான் முடிக்கும்போது அவர் இல்லை.

பாஸ்டர் ஜெபம் பண்ணினார். வெளியே வரும்போது இரண்டு பேர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். இது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அக்கா. இதற்கும் பாராட்டா?

அப்பா ஞாயிற்றுக்கிழமை கடை திறந்து நீ பார்த்திருக்கிறாயா? அன்றைக்குத் திறந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். பிரேமைக் கழற்றிவிட்டார். என்னோடு இன்னும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் என் பக்கம் தள்ளி வைக்கிறார்.

சான்றிதழ் எனக்கும் வரவில்லை, அப்ரீனுக்கும் வரவில்லை. பெயரை அடித்துவிட்டார்கள், வேறு பெயர் எழுதவில்லை. பேப்பர் நிருபருக்குப் போன் செய்தேன். "பழைய நியூஸ் தம்பி" என்று வைத்துவிட்டார்.

உன் கடிதத்தில் சாப்பாட்டு அறையில் எழுந்து நின்றதாக எழுதியிருந்தாய். என்னால் நீ அப்படி நிற்க வேண்டி வந்ததை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

உன் தம்பி,
பிரவின்

சங்கரன்கோவில்
2.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ இரவு டியூட்டிக்கு மாறியிருப்பதாக அம்மா சொன்னாள். பகலில் நன்றாகத் தூங்கு. நாளை பொதுத்தேர்வு தொடங்குகிறது. ஆள் வைத்து எழுத அப்ரீனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நீ அனுப்பிய பயிற்சியால் நடு விரல் கொஞ்சம் மடங்குகிறதாம். மோதிர விரல் இன்னும் இல்லை.

நடுவில் ஒருநாள், அவளுக்கு நோட்ஸ் எழுத முடியாதே என்று நினைத்து, "நான் எழுதித் தரட்டா?" என்று போய்க் கேட்டேன். "வேண்டாம். எழுதிக் குடுத்தா ஒனக்கு லேசாயிரும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் விடை சொல்வது போலச் சொன்னாள். நினைத்துப் பார்த்தேன், எனக்கு லேசாக வேண்டும் என்றுதான் போயிருக்கிறேன்.

தெரியாதவர்களிடம் சொல் என்றாளே, டியூசனில் சொன்னேன், மினிபஸ் ஸ்டாண்டில் சொன்னேன், நம் தெரு டீக்கடையில் சொன்னேன். சிலர் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள். "இப்ப இது ஒரு வெளம்பரமாலே?" என்று ஒருவர் கேட்டார். ரேஷன் கடைக்கு மட்டும் நான் போகவில்லை. அங்கேதான் அவளைப் பொய்க்காரி என்றார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெரு வழியாகவே போகாமல் ஒரு மாதம் சுற்றிப் போனேன்.

நேற்று போனேன். மாதத்தின் முதல் நாள், முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். ரசீதா அக்காவும் நின்றார்கள். மன்சூர் பாய்க்கு நேற்று உடம்புக்கு முடியவில்லையாம், அதனால் அவர்களே வந்திருக்கிறார்கள். வரிசையில் அவர்களுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு மற்றவர்கள் நின்றதைப் பார்த்தேன். நான் நேராகக் கவுண்டர் பக்கம் போய்த் திரும்பி நின்று சொன்னேன். இவங்க மக பொய் சொல்லல, சொன்னது நெசம், பொய்க்காரன் நான்தான் என்று. ஓடையில் நடந்ததைச் சொன்னேன். இவர்கள் என் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டபோது நான் உள்ளே ஒளிந்திருந்ததையும் சொன்னேன். எடை போடுகிறவர் அரிசி நிறுப்பதை நிறுத்தாமலேயே கேட்டுக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற ஓர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ரசீதா அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. நான் முடித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் கவுண்டரை மறைத்துக்கொண்டு நின்றேன். அப்போது அவர்கள்தான் பேசினார்கள்.

"முன்ன நிக்காத தம்பி. பின்னால போய் வரிசையில நில்லு. ஒனக்கு முன்ன ஆளு நிக்காவ."

குரலில் ஒன்றும் இல்லை. எல்லோரிடமும் சொல்வது போலத்தான் சொன்னார்கள். நான் எல்லோரையும் தாண்டிப் பின்னால் போனேன். என்னிடம் கார்டும் இல்லை, பையும் இல்லை. ஆனாலும் வரிசையில் நின்றேன். ரசீதா அக்கா அரிசி வாங்கிக்கொண்டு என்னைக் கடந்து போகும்வரை நின்றேன்.

உடம்பைக் கவனித்துக்கொள் அக்கா. எனக்காக ஜெபம் பண்ணாதே. அப்ரீனின் மோதிர விரலுக்காகப் பண்ணு.

உன்,
பிரவின்ராஜ்